சதுர அடிக்கு எவ்வளவு

திருப்பாலையில் பதினெட்டு வீடு கட்டி முடித்த
ஜெயவீரன் போனில் கேட்கிறார்:
"போட்டோவுக்கு சதுர அடிக்கு எவ்வளவும்மா?"
அவருக்கு உலகமே சதுர அடி.
டைல்ஸ், பெயின்ட், பூச்சு,
கொத்தனாரின் கோபம் உட்பட.
"ரூமுக்கு இவ்வளவுன்னுதான் சார் வாங்குறது."
"அப்போ பாத்ரூமையும் ரூம்னு எண்ணுவீங்களா?"

எண்ணுவேன்.
இருப்பதிலேயே கஷ்டம் அதுதான்.
கண்ணாடியில் நான் விழாமல் எடுக்க
கதவிடுக்கில் முதுகை ஒட்டி
மூச்சைப் பிடித்து நிற்பதற்கு
எந்தக் கொட்டேஷனிலும் ஒரு வரி கிடையாது.

ராத்திரி நோட்டில் கூட்டிப் பார்க்கிறேன்.
அகல லென்சுக்குத் தவணை நாலாயிரத்து இருநூறு,
இன்னும் பதினொன்று பாக்கி.
வில்லாபுரத்திலிருந்து போய்வரப் பெட்ரோல்.
லைட் பிடிக்க வரும் சகாயராஜுக்கு
ஐநூறு ரூபாயும் ஒரு செட் பரோட்டாவும்.
கோணல் சுவரைக் கம்ப்யூட்டரில் நிமிர்த்தும் இரவுகள்
(கொத்தனார் விட்டதை நான் பூசுகிறேன்).
சாயங்கால வெயில் யானைமலை முதுகில் ஏறிப்
பாறை சிவந்து நிற்பது எட்டு நிமிஷம்.
அதற்காக மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில்
உட்கார்ந்திருந்தது இரண்டு மணி நேரம்.
எதற்கு விலை போடுவது?

ஏழாயிரத்து ஐநூறு வருகிறது.
வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறேன்.
ஐயாயிரத்திலேயே குரல் தடுக்குகிறது.

"கல்யாணத்துக்கு எடுக்குற தம்பி
மூவாயிரத்துக்கு முடிச்சுத் தர்றேங்குதே?"
தரட்டும்.
அந்தத் தம்பி படத்தில் ஜன்னலெல்லாம் வெள்ளையாய் எரியும்.
தூணெல்லாம் கூச்சப்பட்டுச் சாய்ந்து நிற்கும்,
பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் போல.
இதை நான் ஜெயவீரனிடம் சொல்லவில்லை.
யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

போன மாசம் ஒரு வங்கிக்கு எடுத்தேன்.
ஏல விளம்பரத்துக்கு, வீடு ஒன்றுக்கு எண்ணூறு.
வெளியே மூன்று, உள்ளே மூன்று.
இருபது நிமிஷத்துக்கு மேல் நின்றால் நஷ்டம்.
சிலைமான் தாண்டி ஒரு மாடி வீடு,
பச்சை கேட்டில் ஒட்டிய நோட்டீஸ் பாதி கிழிந்திருந்தது.
ஆபீசர் வெளியிலேயே நின்றுகொண்டார்
போன் வந்ததுபோல.

பஞ்சவர்ணம் என்று அந்த அம்மாவுக்குப் பெயர்.
குக்கரை இறக்கி வைத்தார்.
மேடையை ஈரத் துணியால் துடைத்தார்.
கொடியில் கிடந்ததையெல்லாம் அள்ளி
பீரோவில் திணித்துக் கதவை முதுகால் சாத்தினார்.
அப்புறம் கேட்டார்:
"படம் நல்லா வந்தா கூடப் போகுமா?
கூடப் போனா, கடன் போக மிச்சம்
எங்களுக்குத்தானாமே?"

எனக்குச் சட்டம் தெரியாது.
ஆபீசரைப் பார்த்தேன். தலையை ஆட்டினார்,
எந்தப் பக்கம் என்று விளங்காதபடி.

மூன்று மணி நேரம் எடுத்தேன்.
சோபாவை நானும் அந்த அம்மாவும்
ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்தினோம்.
மாடிப்படி விரிசலை நான் அழிக்கவில்லை.
அது பேசாத பக்கமாகப் போய் நின்றேன்.
அந்தி மங்கும்போது
கேட்காமலே எல்லா அறையிலும் லைட்டைப் போட்டுவிட்டு
அவர் தெருவுக்கு வந்தார்,
என் கேமராவுக்குப் பின்னால் நின்று
சொந்த வீட்டைப் பார்க்க.
"இவ்வளவு பெரிசாவா இருக்கு?"

பில், எண்ணூறு.
என்ன விலைக்குப் போனது என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.
ஆபீசர் நம்பர் இருக்கிறது.

ஜெயவீரன் மறுபடி கூப்பிடுகிறார்.
"கடைசியா ஒரு ரேட் சொல்லும்மா."
"ஏழாயிரத்து ஐநூறு சார். ஒரு வீட்டுக்கு."
தடுக்கவில்லை.
அந்தப் பக்கம் கலவை மெஷின் சுற்றுகிறது,
யாரோ யாரையோ திட்டுகிறார்கள்,
நடுவில் கால்குலேட்டர் தட்டும் சத்தம்.
வகுக்கிறார், எனக்குத் தெரியும்.
பேச்சில்லாத இந்த நேரத்தை நிரப்பப் போய்
நானே குறைத்துவிடக் கூடாதென்று
போனை மேஜையில் ஸ்பீக்கரில் வைத்துவிட்டு
லென்சைத் துடைக்கிறேன்.

"பாத்ரூம் மூணு இருக்கும்மா," என்கிறார்.
"மூணுலயும் ஆளுயரக் கண்ணாடி."